ஓடைநீரின் வயதுக் கணக்கு எங்கே பிசகுகிறது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, ஓடையாக வெளிவர எவ்வளவு காலம் ஆகிறது என்பதை ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்ற கன ஐசோடோப்புகளையும் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களின் எடை கூடிய வகைகள்), குளோரைடையும், கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தையும் கொண்டு கணக்கிடுபவர்களுக்காக எழுதப்பட்டது இது. தரவை உள்ளே போட்டால் கணினி ஏதாவது ஓர் எண்ணைத் தந்தே தீரும். அந்த எண் தவறாக இருந்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. தவறு வேறு இடங்களில் தலைகாட்டும்: வரைபடத்தின் வடிவத்தில், சராசரிகளின் இடைவெளியில், இரண்டு முறைகள் தரும் விடைகள் ஒத்துப்போகாததில். அந்த அறிகுறிகளைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போவதுதான் இங்கே முறை. கணக்கு மாதிரியைக் குறைசொல்வதற்கு முன் அளவீட்டைப் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் மழை சேகரிப்பானிலும் எடையிடாத சராசரியிலும்தான் தொடங்குகின்றன.

அறிகுறி: மழை பெய்து அரைமணியில் ஓடை பெருகுகிறது, கணக்கோ நீரின் வயது பல ஆண்டுகள் என்கிறது

இது பிழையே அல்ல. இரண்டு வெவ்வேறு நேரங்களை ஒப்பிடுகிறீர்கள்.

வெள்ளக் கணக்குக்குப் பயன்படும் குவிவு நேரம், மழையின் தாக்கம் ஓடைமுகத்தை எட்டும் நேரம். 1940-இல் வெளியான கிர்பிச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: ஓடை நீளத்தை மீட்டரில் எடுத்து 0.77 அடுக்குக்கு உயர்த்தி, சரிவின் -0.385 அடுக்கால் பெருக்கி, 0.0195 ஆல் பெருக்கினால் நிமிடங்களில் விடை வரும். 2,000 மீட்டர் நீளம், 0.05 சரிவு என்றால் சுமார் 22 நிமிடம். அதே ஓடையில் அந்த நேரத்தில் ஓடும் நீரின் பெரும்பகுதி, இந்த மழைக்கு மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ முன்பு பெய்ததாக இருக்கலாம். நீர் நிறைந்திருக்கும் நீண்ட குழாயின் ஒரு முனையில் திறப்பைத் திருகியதும் மறுமுனையில் நீர் கொட்டுகிறது. கொட்டுவது ஏற்கெனவே குழாய்க்குள் இருந்த நீர். நிலத்துக்கடியிலும் அழுத்த அலை வேகமாகப் போகிறது, நீர்த்துகள் மெதுவாக நகர்கிறது. திறந்த அகலமான கால்வாயிலேயே அலையின் வேகம் நீரின் வேகத்தைப்போல் ஏறக்குறைய 5/3 மடங்கு. நனைந்த மண்ணில் இந்த இடைவெளி பலமடங்கு விரியும்.

எனவே கேள்வியைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பாலம், வெள்ள எச்சரிக்கை என்றால் குவிவு நேரம். உரமோ பூச்சிக்கொல்லியோ எப்போது ஓடையிலிருந்து நீங்கும் என்றால் நீரின் வயது. முதலாவதற்கு எழுதப்பட்ட சூத்திரம் இரண்டாவதற்கு எந்தத் திருத்தத்தோடும் பொருந்தாது.

அறிகுறி: மழை மாதிரிப் புள்ளிகள் மழைநீர்க் கோட்டுக்குக் கீழே விழுகின்றன

ஐசோடோப்பு மதிப்பு என்பது, மாதிரி ஒரு நியம நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு (‰) விலகுகிறது என்பது. டியூட்டீரியத்தையும் ஆக்சிஜன்-18-ஐயும் ஒன்றுக்கொன்று எதிராக வரையுங்கள். மழைநீரின் மதிப்புகள் வழக்கமாக விழும் நேர்கோடுதான் மழைநீர்க் கோடு. உலக மழைநீர்க் கோட்டின் சரிவு 8, வெட்டு 10. உள்ளூர்க் கோடு கொஞ்சம் மாறுபடும் என்பதால் அதையே அடிப்படையாகக் கொள்வது நல்லது. ஆவியான நீர் இந்தக் கோட்டிலிருந்து விலகி 4 முதல் 6 வரையிலான சரிவில் வலப்பக்கம் போகும். டியூட்டீரியம் மதிப்பிலிருந்து ஆக்சிஜன்-18 மதிப்பின் 8 மடங்கைக் கழித்தால் கிடைக்கும் டியூட்டீரிய மிகை, 10-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 5-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

மழை மாதிரி மட்டும் விலகி, ஓடை மாதிரி கோட்டிலேயே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் சேகரிப்பான். புனலிலிருந்து வரும் குழாய் பாட்டிலின் அடிவரை இறங்கி எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீரின் மேல் ஒரு சென்டிமீட்டர் பாரபின் எண்ணெய்ப் படலம் வேண்டும். எண்ணெய் போட்டிருந்தால் ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள்; லேசர் கருவிக்குள் எண்ணெய் போனால் அளவீடு கெடும். சேகரிப்பானைச் சோதிக்க எளிய வழி உண்டு. மதிப்பு தெரிந்த நீரை அளந்து ஊற்றி, ஆண்டின் மிக வறண்ட மாதத்தில், மழை உள்ளே விழாதபடி புனலின் மேல் கூரை மட்டும் கட்டி, காற்று படும்படி அப்படியே விடுங்கள். மாத முடிவில் எடையையும் ஐசோடோப்பு மதிப்பையும் பாருங்கள். 1 விழுக்காடு நீர் இழப்பே ஆக்சிஜன்-18 மதிப்பை 0.1 முதல் 0.2 ‰ வரை மேலே தள்ளக்கூடும். அது ஆய்வகத்தின் அளவீட்டுத் துல்லியத்தையே தாண்டிய நகர்வு.

மழை சரியாக இருந்து ஓடை மட்டும் விலகினால், வழியில் ஏரியோ சதுப்போ நீர்த்தேக்கமோ இருக்கிறது. அதை ஒரு தனிக் கலவைத் தொட்டியாகக் கணக்கில் சேர்க்காமல் மேலே போகாதீர்கள். இரண்டுமே விலகினால் மாதிரி பாட்டில்களின் மூடியைப் பாருங்கள். 30 முதல் 50 மில்லி கொள்ளும் அடர்பாலித்தீன் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, வைக்கும்போதும் அளக்கும் முன்பும் எடைபோட்டால் ஒழுகும் மூடி தானாகவே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: ஓடையின் சராசரி மதிப்பும் மழையின் சராசரி மதிப்பும் ஒத்துப்போகவில்லை

முதலில் மழையின் சராசரியை மழையளவால் எடையிட்டீர்களா என்று பாருங்கள். 3 மில்லிமீட்டர் தூறலுக்கும் 90 மில்லிமீட்டர் பெருமழைக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் சராசரி எங்கோ போய்விடும். தூறல் பெரும்பாலும் கன ஐசோடோப்பு மிகுந்தது. எடையிட்ட பிறகும் ஓடை 0.5 ‰ அல்லது அதற்கு மேல் குறைவாக இருந்தால் உயரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஆக்சிஜன்-18 மதிப்பு பொதுவாக 0.15 முதல் 0.5 ‰ வரை குறையும். சேகரிப்பான் அடிவாரத்திலும் நீர்ப்பிடிப்பின் சராசரி உயரம் 300 மீட்டர் மேலேயும் இருந்தால் இந்த இடைவெளி எதிர்பார்க்க வேண்டியதே. சேகரிப்பானை நடு உயரத்துக்கு மாற்றுங்கள். அல்லது இரண்டு உயரங்களில் வைத்து உள்ளூர்ச் சரிவைக் கண்டுபிடியுங்கள்.

உயரமும் காரணமில்லை என்றால், ஒரு பருவத்து மழை மட்டுமே நிலத்தடிக்கு இறங்குகிறது, மற்ற பருவத்து மழையை மரங்கள் குடித்துவிடுகின்றன என்று பொருள். இது கோளாறு இல்லை, தகவல். ஆனால் கணக்கு மாதிரிக்குள் முழு மழையையும் செலுத்தினால் அது கோளாறாகிவிடும். மழையிலிருந்து நீராவிப் போக்கைக் கழித்து வரும் பயனுறு மழையையே எடையாகக் கொள்ளுங்கள்.

அறிகுறி: ஓடையின் பருவ வீச்சு மழையின் வீச்சைவிடப் பெரிதாக வருகிறது

பருவ வீச்சு என்பது ஐசோடோப்பு மதிப்பு ஓராண்டில் சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு. மழையின் வீச்சு ஓடையில் எவ்வளவு சிறுத்துத் தெரிகிறது என்பதை வைத்தே வயது கணக்கிடப்படுகிறது. ஓடையின் வீச்சு பெரிதாக இருக்க இயற்பியலில் இடமில்லை. கலத்தல் வீச்சைக் குறைக்கும், கூட்டாது. மூன்று இடங்களில் தேடுங்கள். மழைத் தரவும் ஓடைத் தரவும் வெவ்வேறு ஆண்டுகளுடையவையா? சைன் அலையைப் பொருத்தும்போது மழைக்கு எடை கொடுக்கவில்லையா? பனி விழும் இடமா? பனி விழுந்த நாளில் அல்ல, உருகும் நாளில்தான் அது நிலத்துக்கு உள்ளீடு. குளிர்காலத்துப் பனி வசந்தத்தில் உருகி ஓடையில் இறங்கும்போது, மழைத் தரவில் இல்லாத ஆழமான பள்ளம் ஓடைத் தரவில் தெரியும். பனி உருகு நீரைப் பிடிக்கும் தட்டு ஒன்றை வைத்து, விழுந்த தேதிக்குப் பதிலாக உருகிய தேதியையும் உருகிய அளவையும் உள்ளீடாகக் கொடுங்கள்.

சில இடங்களில் மழை மூன்று நான்கு மாதங்களில் மட்டுமே கொட்டும், மற்ற மாதங்களில் அளக்க ஒன்றும் இருக்காது. அங்கே சைன் அலை பொருத்தமே தவறான கருவி. பொருத்துவதற்குப் பாதி ஆண்டுத் தரவே இல்லாதபோது வீச்சும் கட்டமும் (அலையின் உச்சம் வரும் காலம்) கற்பனையாகிவிடும். நீரின் வயதுகள் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் பரவல் சார்பு வழியே நிகழ்வுவாரியான மழையை நேரடியாகச் செலுத்தும் சுருளல் (கன்வல்யூஷன்) முறைக்கு மாறுங்கள்.

அறிகுறி: அதே தரவு, ஒரு கணக்கு மாதிரி ஓராண்டு என்கிறது, இன்னொன்று ஐந்தாண்டு என்கிறது

எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி இதுதான். இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

முறை இப்படிப் போகிறது. மழை, ஓடை இரண்டுக்கும் தனித்தனியாக ஆண்டுச் சுழற்சியுள்ள ஒரு கோசைன், ஒரு சைன், ஒரு மாறிலி மூன்றையும் பொருத்துங்கள். இரு கெழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் வீச்சு. அவற்றின் விகிதத்தின் தலைகீழ் டேன்ஜென்ட், கட்டம். வழிதவறிய ஓரிரு புள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்துவிடாமல் இருக்க, எடையை மீண்டும் மீண்டும் சரிசெய்யும் உறுதிப் பொருத்தத்தைப் பயன்படுத்துங்கள்.

மழையின் வீச்சு 3.2 ‰, ஓடையின் வீச்சு 0.4 ‰ என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.125. நீர்ப்பிடிப்பை நன்றாகக் கலந்த ஒரே தொட்டியாகக் கருதும் அடுக்குக்குறிப் பரவலில், விகிதத்தின் தலைகீழியை வர்க்கமாக்கி, 1 கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 6.283 ஆல் வகுத்தால் சராசரி வயது ஆண்டுகளில் வரும். இங்கே 8-இன் வர்க்கம் 64, ஒன்று கழித்தால் 63, வர்க்கமூலம் 7.94, விடை 1.26 ஆண்டு.

இப்போது வடிவ அளவு (பரவல் வளைகோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்) 0.5 உள்ள காமா பரவலை எடுங்கள். மிக இளைய நீரும் மிகப் பழைய நீரும் ஒருசேர வெளிவரும் நீர்ப்பிடிப்புகளுக்கு இது பொருந்தும். வேல்ஸ் நாட்டின் ப்லின்லிமன் ஓடைகளின் குளோரைடு தரவிலிருந்து 2000-இல் நீரியல் ஆய்வாளர் ஜேம்ஸ் கிர்ச்னர் குழுவினர் கண்ட பரவலும் இந்த மதிப்பை ஒட்டியதுதான். அதே 0.125 விகிதத்துக்கு அது தரும் சராசரி வயது 5.1 ஆண்டு. இரண்டுமே வீச்சைக் கச்சிதமாக மறுஉருவாக்கும். பொருத்தத்தின் தரத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தீர்ப்பது எப்படி? கட்டத்தைக் கேளுங்கள். காமா பரவலில் ஓடையின் உச்சம் மழையின் உச்சத்திலிருந்து பின்தங்கும் கோணம், வடிவ அளவைப் பொறுத்தது. அடுக்குக்குறிப் பரவலில், அதாவது வடிவ அளவு 1 ஆக இருக்கையில், பின்னடைவு எவ்வளவு வயதானாலும் 90 பாகையை, அதாவது மூன்று மாதத்தைத் தாண்டாது. வடிவ அளவு 0.5 என்றால் 45 பாகையைத் தாண்டாது. நம் எடுத்துக்காட்டில் முதல் கணக்கு மாதிரி ஏறக்குறைய 84 நாள் பின்னடைவையும் இரண்டாவது 45 நாளையும் முன்னறிவிக்கும். ஓடைத் தரவில் கண்ட பின்னடைவு எதை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். வீச்சுப் பிழை 0.1 ‰ என்றால் கட்டப் பிழை சுமார் 15 நாள். ஆகவே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். வீச்சுப் பிழை 0.3 ‰ என்றால் முடியாது. அப்போது சராசரி வயது என்று ஒற்றை எண்ணை எழுதுவதே தவறு. வீச்சு எவ்வளவு சிறுத்தது என்பதை மட்டும் சொல்லி, இளம் நீர்ப் பங்கைத் தாருங்கள். அது பின்னால் வருகிறது.

கட்டம் மூன்று மாதத்தையும் தாண்டிப் பின்தங்கினால் 1-க்கு மேற்பட்ட வடிவ அளவோ, கலக்காமல் அப்படியே தள்ளிவரும் ஒரு பகுதியோ இருக்கிறது. ஊற்று ஓடைகளில் இது அடிக்கடி வரும். ஓடையின் உச்சம் மழையின் உச்சத்துக்கு முன்னால் வந்தால், மேலே சொன்ன பனியை அல்லது தேதிப் பதிவைச் சந்தேகியுங்கள். மழையின் மாதாந்திரக் கூட்டு மாதிரிக்கு மாதத்தின் கடைசி நாளைத் தேதியாகப் போட்டிருந்தால் அரைமாதம் தானாகவே பிசகும்.

அறிகுறி: கிளை ஓடைகளின் வயதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பெரிய ஓடையின் வயதோடு சேரவில்லை

சேராது. கணக்கு முறையிலேயே உள்ள குறை இது. 2016-இல் ஜேம்ஸ் கிர்ச்னர் இதை விரிவாக நிறுவினார். நீங்களே சோதிக்கலாம். சம அளவு நீர் தரும் இரண்டு கிளைகள்: ஒன்றின் சராசரி வயது 0.1 ஆண்டு, மற்றதன் வயது 5 ஆண்டு. உண்மையான சராசரி 2.55 ஆண்டு. முதல் கிளை பருவ வீச்சில் 85 விழுக்காட்டைக் கடத்துகிறது, இரண்டாவது 3 விழுக்காட்டை மட்டுமே. கலந்த ஓடையின் வீச்சு விகிதம் 0.43. இதைச் சூத்திரத்தில் போட்டால் 0.33 ஆண்டு, அதாவது நான்கே மாதம். உண்மையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

இளைய கிளைதான் அலையை வரைகிறது. பழைய கிளை நேர்கோடாகக் கிடக்கிறது. பழைய நீர் எவ்வளவு பழையது என்பது வீச்சில் பதியவே இல்லை. எனவே இயற்கை நீர்ப்பிடிப்பு எதிலும், பருவ வீச்சிலிருந்து எடுத்த சராசரி வயது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நீர்ப்பிடிப்பும் சீரானதல்ல.

அதே கலவையில் வீச்சு விகிதம் சரியாகச் சொல்லும் ஒன்று உண்டு: சுமார் இரண்டு மூன்று மாதத்துக்குட்பட்ட நீரின் பங்கு. முதல் கிளையில் 69 நாளுக்குட்பட்ட நீர் 85 விழுக்காடு, இரண்டாவதில் ஏறக்குறைய 4, சராசரி 44. வீச்சு விகிதம் 43 என்றது. கலப்பினால் ஏற்படும் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இதுதான் இளம் நீர்ப் பங்கு. வீச்சு விகிதமே அதன் மதிப்பு, வேறு சூத்திரம் வேண்டாம். பல நாட்டு ஆறுகளின் தரவை இந்த முறையில் தொகுத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, உலக ஆற்றோட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்கும் குறைந்த வயதுடையது என்றது. செங்குத்தான நிலத்தில் இளம் நீர் குறைவாக இருப்பதும் அதில் தெரியவந்தது. சரிவு கூடினால் நீர் வேகமாக வெளியேறும் என்று எண்ணித் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: ஓடையின் மதிப்பு ஆண்டு முழுதும் நேர்கோடு

பிழைவரம்பைக் கணக்கிடாமல் எதையும் சொல்லாதீர்கள். 2-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவின் வர்க்கமூலத்தால் மாதிரிச் சிதறலின் திட்ட விலக்கத்தைப் பெருக்கினால் வீச்சின் திட்டப் பிழை தோராயமாகக் கிடைக்கும். சிதறல் 0.3 ‰ என்றால் ஓராண்டு மாதாந்திர மாதிரிகள் 12-க்கு 0.12 ‰, இரண்டாண்டு வாராந்திர மாதிரிகள் 104-க்கு 0.04 ‰. முந்தைய எடுத்துக்காட்டில் ஓடை வீச்சு 0.3 ஆகக் குறைந்தால் அடுக்குக்குறி வயது 1.7 ஆண்டு, 0.5 ஆக உயர்ந்தால் 1.0 ஆண்டு. மாதம் ஒரு மாதிரி எடுத்தவர் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

வாராந்திர மாதிரி எடுத்தும் வீச்சு பிழைக்குள் மூழ்கினால், நீர் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுக்கு மேற்பட்டது. ஆக்சிஜன்-18-ம் டியூட்டீரியமும் அதற்கு மேல் பார்வையற்றவை. எண்ணை வலிந்து பிழியாமல் "குறைந்தது இவ்வளவு" என்ற கீழ்வரம்பை மட்டும் எழுதி, டிரிட்டியத்துக்குப் போங்கள்.

அறிகுறி: டிரிட்டியம் வயது நம்பமுடியாதபடி அலைகிறது, அல்லது இரண்டு விடைகள் வருகின்றன

டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.32 ஆண்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 5.5 விழுக்காடு சிதையும். மழை 2.0 டிரிட்டியம் அலகு, மழையில்லா நாட்களில் ஓடும் அடிநிலை ஓட்டம் 1.5 அலகு, உள்ளீடு மாறாதது என்றால்: கலக்காத ஓட்டத்துக்கு 5.1 ஆண்டு, அடுக்குக்குறிப் பரவலுக்கு 5.9 ஆண்டு. அளவீட்டுப் பிழை 0.05 அலகாக இருந்தால் இரண்டாவது விடை 5.2-க்கும் 6.7-க்கும் இடையே நிற்கும். பிழை 0.3 அலகு என்றால் 2 ஆண்டிலிருந்து 12 ஆண்டு வரை பரவிவிடும். அந்த அளவீட்டுக்குச் செலவழிப்பது வீண். எனவே மாதிரி அனுப்பும் முன் ஆய்வகத்தைக் கேட்க வேண்டியது, மின்பகுப்புச் செறிவூட்டல் (மின்பகுப்பால் நீரைக் குறைத்து டிரிட்டியத்தைச் செறிவாக்குவது) செய்கிறார்களா, இறுதிப் பிழை எவ்வளவு என்பதே. ஒரு லிட்டர் தேவைப்படும்.

உயர்ந்த மதிப்பு ஒன்று மட்டும் தனித்து நின்றால் மாசைத் தேடுங்கள். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மாதிரி எடுத்தால் அது கெடும். குப்பைக் கிடங்கின் கசிவுநீரும் டிரிட்டியத்தைக் கொண்டுவரும், தூக்கியெறிந்த ஒளிரும் பலகைகள் அதற்குக் காரணம்.

இரண்டு விடை வருவது வடகோளத்துச் சிக்கல். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-இல் மழை டிரிட்டியம் அங்கே உச்சம் தொட்டது. அந்த மீதம் இன்னும் பழைய நீரில் இருப்பதால் இளைய நீரும் பழைய நீரும் ஒரே மதிப்பைக் காட்டலாம். ஒற்றை மாதிரியை நம்பாமல், சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் எடுத்து மதிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். தென்கோளத்தில் குண்டு டிரிட்டியம் குறைவாகவே வந்தது, அதுவும் சிதைந்து போனது; அங்கே ஒற்றை மாதிரியே பெரும்பாலும் ஒரே விடை தரும்.

சல்பர் ஹெக்சாபுளோரைடு, குளோரோபுளோரோகார்பன் போன்ற வாயுக்களை ஓடைநீரில் அளந்து குழம்புகிறவர்களும் உண்டு. ஓடையில் நீர் காற்றோடு வாயுவைப் பரிமாறிக்கொண்டுவிடும். வயது எப்போதும் இளமையாகவே வரும். அவற்றைக் கிணற்றுக்கும், ஊற்றுக்கண் வாயில் காற்றுப் படாமல் எடுத்த மாதிரிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஓடையில் குளோரைடு, மழையில் வந்ததைவிட அதிகம்

நீராவிப் போக்கு உப்பை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்துச் செல்கிறது. மழை 1,200 மில்லிமீட்டர், ஓட்டம் 600 மில்லிமீட்டர், மழையில் குளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் ஓடையில் 4 எதிர்பார்க்கலாம். 7 வந்தால் உலர்ப் படிவு (மழையில்லாமலே காற்றிலிருந்து படியும் தூசும் உப்பும்), உரம், சாலை உப்பு, கழிவுநீர் ஆகியவற்றில் ஏதோ சேர்கிறது. மரக்கிளைகள் உலர்ப் படிவை வடிகட்டிப் பிடிக்கும் காட்டில், திறந்தவெளிச் சேகரிப்பான் உள்ளீட்டைக் குறைத்தே காட்டும். மரத்தடியில் ஒரு சேகரிப்பானை வையுங்கள். நிறைச் சமநிலை 10 விழுக்காட்டுக்குள் வராதவரை குளோரைடைக் கொண்டு வயது கணக்கிடாதீர்கள்.

அறிகுறி: தொடக்கத் தேதியை மாற்றினால் விடை மாறுகிறது

உள்ளீட்டுப் பதிவு நீர்ப்பிடிப்பின் நினைவைவிடக் குறுகியது. அடுக்குக்குறிப் பரவலில் சராசரி வயதின் மூன்று மடங்கு காலம் கழிந்த பிறகும் 5 விழுக்காடு பழைய நீர் மிஞ்சும். நீண்ட வாலுள்ள காமா பரவலில் இன்னும் அதிகம். மழைப் பதிவைப் பின்னோக்கித் திரும்பத் திரும்ப ஒட்டி, சராசரி வயதின் ஐந்து மடங்காவது ஓடவிட்டு, அதற்குப் பிறகு வரும் பகுதியை மட்டும் பொருத்துங்கள். அருகிலுள்ள நீண்டகால மழை ஐசோடோப்பு நிலையத்தின் தரவையும் பயன்படுத்தலாம். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து நடத்தும் மழை ஐசோடோப்பு வலையமைப்பில் 1960-களிலிருந்து மாதாந்திரப் பதிவுகள் உள்ளன.

அறிகுறி: வறண்ட காலத்தில் பொருந்தும் கணக்கு மாதிரி வெள்ளக் காலத்தில் தவறுகிறது

பரவல் காலத்தால் மாறாதது என்ற அனுமானம் உடைகிறது. நீர்மட்டம் உயர்ந்ததும் மேலடுக்கு வழிகள் திறந்து இளைய நீர் பாய்கிறது. ஓட்டத்தை நான்கு வகுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இளம் நீர்ப் பங்கைத் தனியே கணக்கிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு அது ஏறினால் காரணம் உறுதி. வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் குறைந்த ஓட்டத்தையே பிடிக்கும். அதனால் ஓட்டத்தால் எடையிட்ட பொருத்தத்தையும் எடையிடாததையும் இரண்டையும் தாருங்கள். மாதிரி எடுக்கும் இடைவெளியைக் குறைத்தாலும் இளம் நீர்ப் பங்கு உயரக்கூடும். எனவே வேறொரு நீர்ப்பிடிப்போடு ஒப்பிடும்போது இரண்டிலும் இடைவெளி ஒன்றா என்று பாருங்கள்.

அறிகுறி: கால்வாயில் சாயம் விட்டுப் பார்த்த நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

உச்சத்தின் நேரத்தை எடுத்திருப்பீர்கள். செறிவு வளைகோட்டின் மையத்தை எடுங்கள்; வால் நீளமாக இருந்தால் இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு வரும். உப்பு என்றால் மின்கடத்துதிறன் பின்னணி அளவுக்குத் திரும்பும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். சாயத்தின் மீட்பு நிறை குறைந்தால்: புளோரசீன் வெயிலில் சிதையும், ரோடமைன் சேற்றில் ஒட்டும். முதல் அளவிடத்தை விட்ட இடத்திலிருந்து ஓடை அகலத்தின் 25 மடங்காவது தள்ளி வைத்தால் குறுக்குக் கலப்பு முடிந்திருக்கும்.

அறிகுறி: எல்லாம் பொருந்துகிறது, ஆனால் நீர் தங்க இடமில்லை

சராசரி வயதை ஆண்டு ஓட்ட ஆழத்தால் பெருக்கினால் நிலத்தடியில் இருக்க வேண்டிய நீரின் ஆழம் கிடைக்கும். 5 ஆண்டு வயது, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் 3 மீட்டர் நீர். துளைமை 0.1 உள்ள சிதைந்த பாறையில் அதற்கு 30 மீட்டர் தடிப்புள்ள நனைந்த அடுக்கு வேண்டும். துளையிட்ட பதிவுகளில் 4 மீட்டரிலேயே கெட்டிப் பாறை தட்டுகிறது என்றால் ஒன்று பாறைப் பிளவுகள் நீங்கள் நினைத்ததைவிட ஆழமாக நீரைக் கொண்டுள்ளன, அல்லது நீர்ப்பிடிப்பின் எல்லைக்கு வெளியிலிருந்து நிலத்தடி நீர் வருகிறது, அல்லது வயது தவறு. இரண்டாவதைச் சோதிக்க ஆண்டு நீர்ச் சமநிலையை எழுதுங்கள்: மழையிலிருந்து ஓட்டத்தைக் கழித்த மீதம், அந்தத் தாவரப் போர்வைக்குரிய நீராவிப் போக்கைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் வெளிநீர் வருகிறது, அப்போது மேற்பரப்பு வரைபடத்தில் வரைந்த எல்லையையே மாற்ற வேண்டும்.